கன்பஸ்டர்: காப்பிதான், ஆனா…

1988–89ல் ஜப்பானில் நேரடியாக வீடியோவில் வந்த 'கன்பஸ்டர்' ஆறே எபிசோடு. இயக்கம் ஹிடியாகி அன்னோ. ராட்சத ரோபோ ஓட்டப் பழகும் மாணவி நோரிகோவின் கதை. ஜப்பானியத் தலைப்பே 'டாப் கன்' படத்தையும் 'ஏஸ் ஓ நெராயே' என்ற டென்னிஸ் அனிமேவையும் ஒட்டவைத்ததுதான். கண்டிப்பான கோச், அசத்தும் சீனியர் அக்கா... எல்லாம் அந்த டென்னிஸ் மைதானத்துச் சரக்கு.

அப்போ திருட்டா? எருமப்பட்டி ரோட்டில் போகும் லாரியைப் பாருங்க. சேஸிஸ் கம்பெனியுடையது, பாடி நாமக்கல் பட்டறையில் கட்டியது. அதை யாரும் திருட்டு வண்டி என்பதில்லை.

அன்னோ கட்டிய பாடி, காலம். ஒளி வேகத்தை நெருங்கிப் பறந்தால் நேரம் மெதுவாகும்; இது ஐன்ஸ்டீன் சொன்ன இயற்பியல். விண்வெளிப் போருக்குப் போய்த் திரும்பும் நோரிகோ இன்னும் டீனேஜ்தான். கூடப் படித்த தோழியோ ஒரு குழந்தைக்கு அம்மா. டென்னிஸ் கதையில் இந்த வலிக்கு இடமே இல்லை.

கன்பஸ்டர் ரோபோ சண்டைக்கு இறங்குவதே நாலாவது எபிசோடில்தான். அதுவரையாவது 'காப்பி'ன்னு மூடிடாதீங்க.