அற்பம் என்றாலும் வீண் அன்று



ஞாயிறு ஆராதனையில் முழங்காற்படியிட்டு ஜெபித்து எழும்பும் வேளையில், சில மாதங்களாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய பலர் முன்னிருக்கும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டே எழும்புகிறோம். நானும் அவர்களில் ஒருவன். விசுவாசம் குறையவில்லை, தொடைகளின் பலம் குறைந்துவிட்டது.

உடற்பயிற்சி என்றதும் 1 தீமோத்தேயு 4:8-ஐ எடுத்துக்காட்டித் தட்டிக்கழிப்பது நம் வழக்கம். நானே பிரசங்கபீடத்தில் அப்படிப் பேசியதுண்டு. அது தவறென்று இன்று அறிக்கையிடுகிறேன். அவ்வசனத்தில் வரும் ‘அற்ப’ என்ற சொல் சிறிது என்று பொருள்படுமேயன்றி, ஒன்றுமில்லை என்று பொருள்படாது. தேவபக்திக்கு முதலிடம் கொடுத்த அப்போஸ்தலன், சரீரத்தைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. சூரைச்செடியின் கீழ் சோர்ந்துபோன எலியாவுக்குத் தேவன் முதலில் அருளியதும் கண்டிப்பு அல்ல. உறக்கமும் அடையும் தண்ணீருமே.

“காட்டில் பாடுபடுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி எதற்கு?” என்பீர்கள். நம்மில் எத்தனை பேர் இன்று காட்டில் இருக்கிறோம்? லாரி ஸ்டியரிங்கிலும், கடைக் கல்லாவிலும், கணினி முன்னும் அல்லவா பகல் கழிகிறது! உழைக்காத தசை வயது ஏற ஏறத் தேய்ந்துகொண்டே போகும்.

நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவை நினைத்துப்பாருங்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அவர் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021-இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். உயரத்தாண்டுதலில் குறுக்குக்கம்பு சில சென்டிமீட்டர்களாகத்தான் ஏற்றப்படுகிறது. பலமும் அப்படியே வளரும்.

ஆகவே சிறிதாய்த் தொடங்குங்கள். கையூன்றாமல் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழும்புங்கள். சுவரில் கை ஊன்றிப் பத்துத் தண்டால் எடுங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குங்கள். மூச்சை அடக்காமல், பாரம் தூக்கும்போது வெளியே விடுங்கள். உலக சுகாதார அமைப்பு வாரத்தில் 2 நாட்களாவது தசைப் பயிற்சி செய்யச் சொல்கிறது. இடையே ஓய்வு நாள் இருக்கட்டும். பத்து எளிதானபின் பன்னிரண்டு. அதன்பின் சற்றே கூடுதல் எடை.

புரதப் பொடி வாங்கக் கடன்பட வேண்டாம். நாமக்கல் முட்டை ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு; கொள்ளும் பச்சைப்பயறும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. இருதய நோயோ, உயர் இரத்த அழுத்தமோ, சர்க்கரையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

கண்ணாடி முன் நின்று மேன்மைபாராட்டும் பலத்தை நான் வேண்டவில்லை. படுக்கையில் கிடக்கும் தாயைத் தூக்கி உட்காரவைக்கவும், மரித்த சகோதரனின் பெட்டிக்குத் தோள் கொடுக்கவும், பேரப்பிள்ளையை இடுப்பில் சுமக்கவும் போதுமான பலத்தையே வேண்டுகிறேன். அன்புக்கும் கைகால்கள் தேவைப்படுகின்றன.

இந்த வாரம் இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நானும் தொடங்குகிறேன். பெஞ்சைப் பிடிக்காமல் எழும்பும் ஒரு ஞாயிறு நமக்கு வரட்டும்.

கர்த்தர் உங்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.