அணிகலன் வேண்டாத குரல்



1960ஆம் ஆண்டு. நியூயார்க் நகரில் கொலம்பியா என்னும் பெரும் இசைத்தட்டு நிறுவனத்தின் அலுவலகம். குளிரூட்டப்பட்ட அறைகள், சுவர்களில் வரிசையாகத் தங்கத் தட்டுகள். இலட்சக்கணக்கில் விற்பனையான பாடல்களுக்குக் கிடைத்த வெற்றிச் சின்னங்கள் அவை. 19 வயது மங்கை ஒருத்தி அவற்றைப் பார்த்தவாறு நிற்கிறாள். அவளைத் தன் பாடகியாக்கிக்கொள்ள அந்நிறுவனம் விரும்புகிறது. அவளுக்கோ அந்த மினுமினுப்பு மகிழ்ச்சியைத் தரவில்லை. ஏதோ ஓர் அச்சத்தையே தருகிறது. வெளியேறிய அவள், செவ்வியல் இசையைப் பேணி வெளியிட்டுவந்த வான்கார்டு என்ற சிறிய நிறுவனத்தைத் தேர்ந்துகொண்டாள். சாலமன் சகோதரர் இருவர் நடத்திவந்த நிறுவனம் அது.

அந்த மங்கைதான் ஜோன் பயேஸ். அவ்வாண்டின் இறுதியில் அவர் பெயரையே தலைப்பாகத் தாங்கி வெளிவந்த முதல் இசைத்தட்டைப் பற்றியே இம்மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

இசைத்தட்டு உருவான இடத்தைக் கேட்டால் வியப்பீர்கள். அது நியூயார்க்கில் இருந்த ஒரு பழைய தங்கும் விடுதியின் நடனக் கூடம். புதன்கிழமை இரவுகளில் அங்கே பாடல் பதிவு செய்ய இயலாது. நம் பங்குத் திருவிழாக்களில் தம்போலா ஆடுகிறோமே, அதே ஆட்டத்திற்காக அன்று கூடம் ஒதுக்கப்பட்டிருந்தது! அழுக்கேறிய கம்பளத்தின்மேல் இரண்டு ஒலிவாங்கிகள்: ஒன்று குரலுக்கு, மற்றொன்று கித்தாருக்கு. நான்கே இரவுகளில் 13 பாடல்கள் பதிவாகி முடிந்தன. சில பாடல்களுக்கு மட்டும் வீவர்ஸ் என்ற புகழ்பெற்ற குழுவைச் சேர்ந்த பிரெட் ஹெல்லர்மன் இரண்டாவது கித்தார் இசைத்தார். பின்னணிக் குழுவோ, வேறு ஒப்பனையோ கிடையாது.

பாடல்களோ பெரும்பாலும் பழைய நாட்டுப்புறப் பாடல்கள். அவற்றைக் கேட்கும்போது அன்னையரும் குழந்தைகளும் நம் கண்முன்னே வருகிறார்கள். முதற்பாடலில், தன்னை நாடி வந்த காதலனை மகள் திருப்பி அனுப்புகிறாள். அருகில் உறங்கும் தாயின் கையிலோ ஒரு வெள்ளிக் கட்டாரி. ஆடவரின் வஞ்சகத்தை அறிந்துவிட்ட தாய் அவள். மற்றொன்றில், அரசனால் கருவுற்ற அரண்மனைப் பணிப்பெண் தன் குழந்தையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தூக்குமேடைக்கு நடக்கிறாள். வேறொன்று, சாகும் தறுவாயிலுள்ள தாய் தன் மகவுக்குப் பாடும் தாலாட்டு. நாணலிடையே விடப்பட்ட குழந்தை மோசேயைப் பற்றிய பாடலும் உண்டு. யூத மக்களின் யித்திஷ் மொழியிலிருந்து வந்த ஒரு பாடலில், கட்டுண்ட கன்றுக்குட்டி ஒன்று வண்டியில் கொண்டுசெல்லப்படுகிறது.

இத்துணைத் துயரக் கதைகளை 19 வயதுப் பெண் எவ்வாறு பாடுகிறார்? அழுகையைக் குரலில் கலக்கவில்லை. நடித்துக் காட்டவும் இல்லை. நடந்ததை நடந்தவாறே சொல்லும் சாட்சியைப்போல நிற்கிறார். கண்ணீரை அவர் வடிக்காததனால், அது கேட்பவர் கண்ணில் வந்து நிற்கிறது. அந்தப் பணிப்பெண்ணின் நெடும் பாடலை அவர் ஒரே ஒரு முறைதான் பாடினார். மறுமுறை பதிவு செய்யத் தேவையே எழவில்லை.

தங்கத் தட்டுகளைக் கண்டு மயங்காத மனம் இவ்விளம்பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது? விடையை அவரது இல்லத்தில் தேடலாம். தந்தை ஆல்பர்ட் பயேஸ் மெக்சிக்கோவில் பிறந்த இயற்பியல் அறிஞர். எக்ஸ்-கதிர் நுண்ணோக்கி ஒன்றை உருவாக்கியதில் பங்குகொண்டவர். போர்க்கருவி ஆய்வுக்கு அந்நாளில் ஊதியம் மிகுதி. ஆயினும் மனச்சான்று இடங்கொடாமையால் அவர் அப்பணியை ஏற்கவில்லை; ஆசிரியப் பணியையே நாடினார். போரை ஏற்காத குவேக்கர் சபையின் வழிபாட்டில் இக்குடும்பம் பங்கேற்றுவந்தது. பணத்திற்கு 'வேண்டாம்' என்று சொல்லலாம் என்பதை அம்மகள் ஏட்டில் படிக்கவில்லை, தந்தையிடம் கண்டாள். தாயார் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். தாய்நாட்டின் பாடலும் தந்தைநாட்டின் ஸ்பானிய மொழிப் பாடலும் இந்த ஒரே தட்டில் அடுத்தடுத்து வாழ்வது எத்துணைப் பொருத்தம்!

அன்று தொடங்கிய மறுப்பு அன்றோடு நிற்கவில்லை. 1962இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பாடச் சென்றபோது, கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து அமர்த்தும் அரங்குகளில் பாட மறுத்தார். 1963 ஆகஸ்டு 28 அன்று, மார்ட்டின் லூதர் கிங் பங்கேற்ற வாஷிங்டன் பேரணியில் பாடினார். 1964இல், போர்ச் செலவுக்குரிய பங்கு எனக் கணக்கிட்டு வருமான வரியில் 60 விழுக்காட்டைச் செலுத்த மறுத்தார். இச்செயலைப் போற்றுவோரும் உளர், குறைகூறுவோரும் உளர். ஆயினும் தம் இழப்பைத் தாமே ஏற்றார் என்பதை எவரும் மறுக்க இயலாது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். தங்கத் தட்டுகளைக் கண்டு அஞ்சி ஓடிய அப்பெண்ணின் இச்சிறிய இசைத்தட்டும் பின்னாளில் தங்கத்தட்டுத் தகுதியைப் பெற்றது. 2015இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலத்திற்கும் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் வரிசையில் அதைச் சேர்த்தது.

பெற்றோரே, பிள்ளைகளின் திறமையை வளர்க்க நாம் செலவிடுவது ஏராளம். பாட்டும் நடனமும் கற்பிக்கிறோம். பரிசு பெற்றால் படமெடுத்துச் சுவரில் மாட்டுகிறோம். நன்று. ஆனால் அத்திறமைக்கு ஒருவன் விலைபேச வரும் நாளில், எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று அவர்களுக்கு யார் கற்பிப்பார்? நாம் எதற்கு 'வேண்டாம்' என்றோம் என்பதை அவர்கள் பார்த்திருந்தால், அன்று வேறு ஆசிரியர் தேவைப்படார்.