ஆட்குறைப்பு மட்டும் தீர்வாகுமா?

மாணவர்களே! குப்பை அள்ளும் உழவு இயந்திரம் இரண்டு கிழமை உங்கள் வீதிக்கு வராவிட்டால் என்ன நடக்கும் என எண்ணிப் பாருங்கள். சந்தியில் குப்பை குவியும்; இலையான் மொய்க்கும்; மழை பெய்தால் நுளம்பு பெருகும். உள்ளூராட்சி மன்றம் எமது அன்றாட வாழ்வோடு எவ்வளவு நெருங்கியது என்பது அப்போது புரியும்.

மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்பன எமது நாட்டின் உள்ளூராட்சி மன்றங்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆதனவரி, சந்தைக் குத்தகை, அனுமதிப்பத்திரக் கட்டணம், அரச மானியம் முதலியன அவற்றின் வருமான வழிகள். வருமானம் குறைந்து செலவு கூடும்போது முதலில் எழும் குரல், "ஆட்களைக் குறையுங்கள்" என்பதே. இது எப்போதும் சரியானதா?

இங்கிலாந்தின் பேர்மிங்காம் மாநகர சபையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குச் சேவை செய்யும் இச்சபை, தன் வருமானத்தால் செலவை ஈடுசெய்ய முடியாது என 2023 செப்டெம்பரில் அறிவித்தது. மத்திய அரசின் மானியம் குறைந்தமையும் புதிய கணினி முறைமையின் செலவு பன்மடங்காகியமையும் இதற்கான காரணங்களிற் சில. மற்றொரு காரணம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைகளைச் செய்த பெண்களுக்கு, நிகரான வேலை செய்த ஆண்கள் பெற்ற மேலதிகக் கொடுப்பனவுகள் வழங்கப்படவில்லை. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். அன்று கொடுக்காமல் விட்ட சம்பளம் பின்னர் பெருங் கடனாகத் திரும்பி வந்தது.

2024 மார்ச்சில், இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 30 கோடிப் பவுண் செலவைக் குறைக்கச் சபை தீர்மானித்தது. 600 பதவிகள் வரை இல்லாமற் போகலாம் எனக் கூறப்பட்டது. அவ்வாண்டு குடியிருப்பு வரியும் ஏறத்தாழ 10 வீதத்தால் உயர்ந்தது. குப்பை வண்டிகளில் இருந்த ஒரு பதவியை நீக்கியதை எதிர்த்து, 2025 மார்ச்சில் தொழிலாளர் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அம்மாத முடிவில் 17,000 தொன் குப்பை வீதிகளில் தேங்கியிருந்தது. மக்கள் கூடிய வரியைச் செலுத்திக் குறைந்த சேவையைப் பெற்றனர்.

இதனால் ஆட்குறைப்பே கூடாது என்பது எனது கருத்தன்று. தேவைக்கு மேல் ஆட்களை வைத்திருப்பதும் வரி செலுத்துவோருக்குச் செய்யும் அநீதியே. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் நிலுவையிலுள்ள வரியை அறவிட வேண்டும். அடுத்து வீண் செலவையும் தாமதமாகும் திட்டங்களையும் நிறுத்த வேண்டும். அதன் பின்னரும் ஆட்களைக் குறைக்க நேர்ந்தால், வேலை இழப்போருடன் முன்கூட்டியே பேசி, மாற்று வேலையோ உரிய நட்டஈடோ வழங்க வேண்டும். ஊரின் சுகாதாரத்தைக் காக்கும் கைகளில் வெட்டு இறுதியாகவே விழ வேண்டும். குறைந்த சம்பளம் பெறுபவரிடமிருந்து எடுப்பது இலகுவானது. ஆனால் அது சிக்கனமன்று, பிற்போடப்பட்ட கடன் என்பதையே பேர்மிங்காம் காட்டுகிறது.

நாளை வாக்களிக்கப் போகிறவர்கள் நீங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பொருந்தும். எனவே உங்கள் சபை எதற்குச் செலவிடுகிறது, எதைக் குறைக்கிறது எனக் கேட்கப் பழகுங்கள். கணக்குக் கேட்பவர்கள் உள்ள ஊரில், அநீதியான வெட்டு எளிதில் நடவாது.