பெயர் மட்டுமா நீக்கப்பட்டது?

2024 பிப்ரவரியில் மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் தேசியத் திரைப்பட விருதுகளுக்கான விதிமுறைகளைத் திருத்தி அமைத்தது. பரிசுத் தொகைகள் உயர்த்தப்பட்டன. சில விருதுகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. இரண்டு பெயர்கள் நீக்கப்பட்டன. அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான விருதிலிருந்து இந்திரா காந்தியின் பெயர் அகன்றது. தேசிய ஒருமைப்பாட்டை வலியுறுத்தும் சிறந்த படத்துக்கான விருதிலிருந்து நடிகை நர்கிஸ் தத்தின் பெயர் அகன்றது.

முதல் நீக்கத்தின் அரசியல் எளிதில் விளங்கக் கூடியது. ஆட்சிக்கு வரும் ஒவ்வொரு கட்சியும் தெருக்களுக்கும் திட்டங்களுக்கும் பெயர் சூட்டுவதும், முன்னவர் சூட்டிய பெயரை மாற்றுவதும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாவது நீக்கம் அப்படிப்பட்டதல்ல. நர்கிஸ் எந்தக் கட்சியையும் வழிநடத்தியவரல்லர். எந்தத் தேர்தலிலும் வென்று ஆட்சியில் அமர்ந்தவருமல்லர். 1980-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகி, ஓராண்டு முடிந்த சிறிது காலத்திலேயே மறைந்தவர். அப்படியிருக்க, ஒருமைப்பாட்டு விருதுக்கு அவர் பெயர் ஏன் சூட்டப்பட்டது? அது நீக்கப்பட்டபோது உடன் சென்றது எது? இவ்விரு கேள்விகளும் திரைத்துறையோடு முடிந்து விடுபவை அல்ல.

1929 ஜூன் 1-ஆம் தேதி கொல்கத்தாவில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஃபாத்திமா ரஷீத். தந்தை, ராவல்பிண்டியைச் சேர்ந்த இந்துக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். தாய் ஜத்தன்பாய், ஆடலையும் பாடலையும் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட பெண்களின் மரபில் வந்தவர். அந்த மரபைச் சமூகம் எப்படிப் பார்த்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பார்வையையும் மீறிப் படத்தயாரிப்பாளராகவும், இந்தியத் திரையின் முதல் பெண் இசையமைப்பாளர்களில் ஒருவராகவும் உயர்ந்தவர் ஜத்தன்பாய். 1935-இல் வெளியான 'தலாஷ்-ஏ-ஹக்' படத்தில் மகளைக் குழந்தை நட்சத்திரமாக அறிமுகம் செய்தவரும் அவரே. 1943-இல் மெஹபூப் கான் இயக்கிய 'தக்தீர்' படத்தில் கதாநாயகியானபோது நர்கிஸுக்கு வயது 14.

நாடு பிளவுண்டது. ஹிந்தித் திரையுலகின் புகழ்மிக்க பாடகியும் நடிகையுமான நூர்ஜஹான் 1947-இல் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டார். நர்கிஸின் குடும்பம் பம்பாயிலேயே தங்கியது. அங்கிருந்துதான் அவருடைய உச்சக் காலம் தொடங்கிற்று. 1949-இல் 'அந்தாஸ்', அதே ஆண்டில் 'பர்சாத்', 1951-இல் 'ஆவாரா', 1955-இல் 'ஸ்ரீ 420'. 'பர்சாத்' படத்தில் ராஜ் கபூரும் அவரும் நின்ற தோற்றமே ஆர்.கே. பட நிறுவனத்தின் சின்னமாயிற்று. 1954-இல் 'ஆவாரா' சோவியத் நாட்டில் திரையிடப்பட்டபோது, மொழி அறியாத மக்கள் கோடிக்கணக்கில் அதைக் கண்டு களித்தனர்.

அந்தப் படங்களில் அவர் ஏற்ற வேடங்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 'ஆவாரா'வில் அவர் வழக்கறிஞர். கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக நீதிமன்றத்தில் வாதாடுபவர். 'ஸ்ரீ 420'-இல் அவர் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் ஆசிரியை. கதாநாயகன் பணத்துக்கு விலைபோகும்போது உடன்போக மறுப்பவர். குடியரசு பிறந்த புதிதில், சொந்தத் தொழிலும் சொந்த அறமும் உள்ள பெண்ணைத் திரையில் இயல்பாகக் காட்டியவர் நர்கிஸ். அவருடைய நடிப்பில் மிகை குறைவு. பேச்சில் நாடகத்தனம் இல்லை. அக்கால ஹிந்திப் படங்களில் அது அரிய பண்பு.

பின்னர் வந்தது 1957-ஆம் ஆண்டின் 'மதர் இந்தியா'. கேத்தரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1927-இல் இந்தியரை இழித்து எழுதிய நூலின் பெயரையே மெஹபூப் கான் தம் படத்துக்கு இட்டார். இழிவுக்கு அதே சொல்லால் தந்த பதில் அது. 500 ரூபாய்க் கடனுக்கு வட்டியாக விளைச்சலின் முக்கால் பங்கை அள்ளிச் செல்லும் வட்டிக்காரன், கைகளை இழந்து வீட்டை விட்டே வெளியேறும் கணவன், வெள்ளம், பசி ஆகிய அனைத்தையும் தாங்கி நிற்கும் ராதாவாக நர்கிஸ் நடித்தார். முடிவில், ஊர்ப் பெண்ணொருத்தியைக் கடத்திச் செல்லும் தன் மகனையே சுட்டு வீழ்த்துகிறாள் அந்தத் தாய். அப்போது நர்கிஸுக்கு வயது 28. மகனாக நடித்த சுனில் தத்தும் அவர் பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர்தாம். வெளிநாட்டுப் படங்களுக்கான ஆஸ்கர் விருதுக்கு இறுதிப் பட்டியல் வரை சென்ற முதல் இந்தியப் படம் 'மதர் இந்தியா'. செக்கோஸ்லோவாகியாவின் கார்லோவி வாரி திரைப்பட விழாவில் 1958-இல் சிறந்த நடிகைக்கான விருதை நர்கிஸுக்குப் பெற்றுத் தந்ததும் அதுவே. அதே ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டது.

அப்படத்தின் படப்பிடிப்பில் வைக்கோற்போர்கள் பற்றி எரிந்தபோது, தீயில் சிக்கிய நர்கிஸைச் சுனில் தத் மீட்டார் என்பது நாடறிந்த செய்தி. 1958 மார்ச்சில் இருவரும் மணம் புரிந்தனர். சுனில் தத், பிரிவினையில் ஜீலம் மாவட்டத்துச் சொந்த ஊரை இழந்து அகதியாக வந்த இந்து. நர்கிஸ், பிரிவினைக்குப் பின்னும் இங்கேயே இருந்துவிட்ட முஸ்லிம். பிளவு நடந்து 11 ஆண்டுகள்கூட ஆகியிராத நிலையில் நிகழ்ந்த இத்திருமணத்துக்கு இன்றைய அரசியல் அகராதியில் என்ன பெயர் சூட்டியிருப்பார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடலாம்.

மணத்துக்குப் பின் அவர் திரையிலிருந்து பெரும்பாலும் விலகினார். 1967-இல் வெளிவந்த 'ராத் அவுர் தின்' படத்தில் பிளவுபட்ட ஆளுமை கொண்ட பெண்ணாக நடித்ததற்காக, சிறந்த நடிகைக்கான தேசிய விருதை முதன்முதலாகப் பெற்றவர் என்ற சிறப்பை அடைந்தார். கணவருடன் சேர்ந்து 'அஜந்தா கலைக்குழு' மூலம் எல்லையிலுள்ள படைவீரர்களுக்குக் கலை நிகழ்ச்சிகள் நடத்தினார். மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகப் பம்பாயில் தொடங்கப்பட்ட சங்கத்துக்கு முதல் புரவலராக இருந்தார். கணையப் புற்றுநோய்க்கு ஆளாகி 1981 மே 3-ஆம் தேதி காலமானார். மகன் சஞ்சய் தத்தின் முதல் படம் வெளியாக அப்போது சில நாள்களே இருந்தன. ஒருமைப்பாட்டு விருதுக்கு நர்கிஸின் பெயர் சூட்டப்பட்டது இதற்குப் பின்னரே. வாழ்ந்து காட்டிய ஒன்றுக்குத் தரப்பட்ட மரியாதை அது.

ஆனால் நர்கிஸைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அவர் கூறிய ஒரு கருத்து இன்றும் விவாதிக்கப்படுகிறது. 1980-இல் ஓர் ஆங்கில இதழுக்கு அளித்த பேட்டியில், சத்யஜித் ராய் இந்தியாவின் வறுமையை வெளிநாட்டில் காட்டிப் புகழ் பெறுகிறார் என்ற பொருளில் கடுமையாகச் சாடினார். நவீன இந்தியாவைக் காட்ட வேண்டும் என்று வற்புறுத்திய அவர், நவீன இந்தியா என்பது எது என்ற கேள்விக்கு அணைகளைச் சுட்டினார். ராயின் ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தது இயல்பே.

அந்தச் சாடலில் இருந்த முரணை அவரே உணர்ந்திருக்க வேண்டும். ராயின் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது 1955-இல். அதற்குப் பணம் அளித்ததே மேற்கு வங்க அரசு. இரண்டே ஆண்டுகளில் வந்தது 'மதர் இந்தியா'. அங்கே சர்வஜயா என்ற ஏழைத் தாய். இங்கே ராதா என்ற ஏழைத் தாய். அங்கும் பசி, இங்கும் பசி. 'மதர் இந்தியா' புதிய வாய்க்காலின் திறப்பு விழாவில் தொடங்குகிறது என்பது உண்மை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன் அந்த ஊர் என்னென்ன பறிகொடுத்தது என்பதைச் சொல்வதுதானே மீதிப் படம் முழுவதும்? வறுமையைக் காட்டியதால் அந்தப் படம் நாட்டை இழிவு செய்ததாக எவரும் சொல்லவில்லை. உலகம் நர்கிஸைப் பாராட்டியதும் வறுமையின் முகமாக அவர் நின்றதற்காகவே.

ஆக, நம்முன் இரண்டு நர்கிஸ்கள் இருக்கிறார்கள். ஒருவர், மத எல்லையைக் கடந்து வாழ்ந்தவர். ஏழையின் துயரைத் தம் முகத்தில் ஏந்தியவர். மற்றொருவர், நாட்டின் நற்பெயரைக் காப்பதே கலைஞனின் கடமை என்று உறுப்பினர் நாற்காலியிலிருந்து பேசியவர். இன்றைய அரசு நீக்கியிருப்பது முதல் நர்கிஸை. இரண்டாவது நர்கிஸின் பேச்சோ, பெயர் குறிப்பிடப்படாமலே அரசின் கலைக் கொள்கையாகிக்கொண்டிருக்கிறது. நாட்டைப் போற்றும் படமே நல்ல படம் என்ற எண்ணம் தில்லியின் அதிகார வட்டாரங்களில் வலுப்பெற்று வருவதை எவரும் மறுக்க முடியாது.

விருதின் வரலாற்றைப் பார்த்தால் இது தெளிவாகும். நர்கிஸின் பெயர் சூட்டப்படுவதற்கு முன்பே, பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் தவிக்கும் முஸ்லிம் குடும்பத்தைச் சித்திரித்த 'கர்ம் ஹவா' (1973) ஒருமைப்பாட்டு விருதைப் பெற்றது. பின்னர் பிரிவினைக் கலவரத்தைச் சொன்ன 'தமஸ்', முஸ்லிம் தாயின் மறைக்கப்பட்ட அடையாளத்தைப் பேசிய 'ஸக்ம்', கலவரத்தின் நடுவே ஒரு பேருந்துப் பயணத்தைச் சொன்ன 'மிஸ்டர் அண்டு மிஸஸ் ஐயர்' ஆகியவை பெற்றன. மணிரத்னத்தின் 'ரோஜா'வும் 'பம்பாய்'யும் இதே விருதைப் பெற்ற தமிழ்ப் படங்கள். 'பம்பாய்' எந்தக் கலவரத்தைச் சித்திரித்ததோ, அந்தக் கலவரத்தை அரசு கையாண்ட விதத்தைக் கண்டித்து 1993-இல் மக்களவை உறுப்பினர் பதவியை உதறியவர் சுனில் தத். அதுவும் தம் சொந்தக் கட்சியான காங்கிரஸே மத்தியிலும் மாநிலத்திலும் ஆட்சி செய்தபோது! அவருடைய மறைந்த மனைவியின் பெயரிலான விருது அந்தப் படத்துக்கு வழங்கப்பட்டது பொருத்தத்திலும் பொருத்தம்.

நர்கிஸின் பெயரால் கடைசியாக வழங்கப்பட்ட விருது, 2023 ஆகஸ்டில் 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' படத்துக்கு அறிவிக்கப்பட்டது. காஷ்மீரப் பண்டிதர்கள் பட்ட துயரம் உண்மையானது. அதைப் படமாக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒரு சமூகத்தின் மீது மற்றொரு சமூகத்துக்கு வெறுப்பு வளர வழி செய்வதாக விமர்சிக்கப்பட்ட படம், ஒருமைப்பாட்டை வளர்த்ததாகப் பரிசு பெற்றது எப்படி என்பதே கேள்வி. அன்றைய தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின், மலிவான அரசியலுக்காகத் தேசிய விருதுகளின் மதிப்பைக் குலைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே கண்டித்தார். அடுத்த சில மாதங்களில் விருதின் பெயரும் போயிற்று, தனித்தன்மையும் போயிற்று.

தனித்தன்மை போனதே பெரிய இழப்பு. ஒருமைப்பாட்டுக்கும், சமூகப் பிரச்னைகளுக்கும், சுற்றுச்சூழலுக்கும் இருந்த தனித்தனி விருதுகள் இன்று தேசிய, சமூக, சுற்றுச்சூழல் விழுமியங்களை வளர்க்கும் படத்துக்கான ஒரே விருதாகிவிட்டன. 2022-ஆம் ஆண்டுக்கான விருதைக் குஜராத்திப் படமான 'கச் எக்ஸ்பிரஸ்' பெற்றது. 2023-ஆம் ஆண்டுக்கான விருதை, ஃபீல்டு மார்ஷல் மானேக் ஷாவின் வாழ்க்கையைச் சொன்ன 'சாம் பகதூர்' பெற்றது. அப்படங்களின் தகுதியைப் பற்றியதல்ல இந்த வாதம். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி ஓர் இளம் இயக்குநர் துணிந்து படமெடுத்தால், அதை அரசு தனியே கவனிக்கும் என்ற உறுதி முன்பு இருந்தது. இன்று அப்படம் காடு காப்பதைப் பற்றிய படத்தோடும், போர்வீரரின் வரலாற்றோடும் ஒரே வரிசையில் நின்று போட்டியிட வேண்டும். மூன்று நோக்கங்களை ஒரே சாக்கில் கட்டினால், ஆட்சியாளருக்குப் பிடிக்காத நோக்கம் அடியில் போய்விடும்.

நர்கிஸின் குடும்பத்தை முன்வைத்து ஓர் எதிர்வாதம் எழக்கூடும். 1993 பம்பாய் குண்டுவெடிப்பு வழக்கில் ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காகச் சஞ்சய் தத் தண்டிக்கப்பட்டார். 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர் சிறை சென்று தண்டனையை முடித்தார். அந்தக் குற்றம் அவருடையது. அது நடப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட தாயின் கணக்கில் அதை எழுத எந்த நியாயமும் இல்லை.

பெயரைத் திரும்பச் சூட்டுவது ஓர் அரசாணையில் முடிந்துவிடக் கூடியது. அதைவிட முக்கியமானது, மத நல்லிணக்கத்தைப் பேசும் படங்களுக்கான தனி விருது மீண்டும் ஏற்படுத்தப்பட வேண்டும் என்பது. அதற்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் அரசு சூட்டிக்கொள்ளட்டும். ஒருமைப்பாட்டுக்குத் தனி இடம் தர ஒரு நாடு தயங்கினால், அது நர்கிஸை மறந்ததாக மட்டும் பொருளாகாது. அவர் வாழ்ந்த அந்த வாழ்க்கை இனி இங்கே இயல்பானதல்ல என்று ஒப்புக்கொண்டதாகவே பொருள்படும்.