பட்டத்தின் விலையும் வயலின் விலையும்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளிவரும் நாளில், வரிப்பத்தான்சேனையிலும் அதனைச் சூழ்ந்த வேளாண்மை ஊர்களிலும் பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான். பிள்ளைக்குக் கலைப்பீடத்தில் இடம் கிடைத்துவிட்டது, அனுப்புவதா, விடுவதா? அனுப்பினால் செலவுக்கு என்ன வழி? படித்து முடித்தபின் அந்தச் செலவு திரும்பி வருமா? இக்கேள்வியைக் கல்வியின் அருமை அறியாதார் கணக்கு என்று எவரும் இகழ வேண்டாம். விதைநெல்லையும் உரத்தையும் விளைச்சலோடு வைத்து நிறுத்துப் பார்த்து வாழும் மக்கள், படிப்பையும் அவ்வாறே நிறுத்துப் பார்ப்பது இயல்பே. நாமும் அந்தத் தராசையே கையில் எடுப்போம்.

நம் நாட்டில் கல்வி இலவசம். 1945ஆம் ஆண்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா ஏற்றிவைத்த விளக்கு அது. மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம், அந்த விளக்கை ஒலுவில் வரை கொண்டுவந்தது. இவற்றின் பெருமையை நாம் குறைத்துப் பேசோம்.

ஆயினும் இலவசம் என்ற சொல் விரிவுரை மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன்னே ரியூசன் கட்டணம். அதற்குப் பின்னே விடுதி, சாப்பாடு, பயணம், புத்தகம். 1981இல் சட்டமாகிய மகாபொல நிதியத்தின் மாதக் கொடுப்பனவு, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேதான் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இன்றைய விலைவாசியில் அது எத்தனை நாட் சாப்பாட்டுக்குப் போதும்? மிச்சத்துக்கு உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. வாப்பாவின் காணி ஈடாகிறது. வட்டியை விலக்கி வாழ விரும்பும் குடும்பங்களுங்கூட இந்த நெருக்கடியில் வட்டிக்குத் தலைகுனிகின்றன. மாணவன் பெயரில் கடன் இல்லை என்பது உண்மையே. ஆனால் கடன் இல்லாமற் போகவில்லை. அது தந்தையின் பெயரில் இருக்கிறது.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுணாகத் தொடங்கிய கட்டணம், 2012இல் 9,000 பவுண் வரை ஏறியது. மாணவர் பெருங்கடன் சுமக்கின்றனர். எனினும் பட்டதாரியின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டும்வரை அவரிடம் தவணை கேட்பதில்லை. தாண்டிய தொகையில் நூற்றுக்கு 9 வீதமே அறவிடுகின்றனர். நம் ஊர் அடகுக் கடையோ, பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்ததா என்று வினவுவதில்லை. தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். இலவசக் கல்வி நாட்டின் ஏழை விவசாயி, கட்டணக் கல்வி நாட்டின் மாணவனைவிடக் கொடிய நிபந்தனையில் கடன் படுவது நீதியா?

இனி வருவாயின் தட்டைப் பார்ப்போம். கலைப் பட்டம் என்றால் அரசாங்க உத்தியோகம் என்பது நம் மக்களின் நெடுநாள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை முறிந்தால் விளைவு என்ன என்பதை 1971 ஏப்ரல் கிளர்ச்சி இரத்தத்தில் எழுதிக் காட்டிற்று. அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் குழுவும், படித்தவர் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள வேலைக்கும் இடையிலுள்ள பிளவையே சுட்டியது. அரை நூற்றாண்டு கடந்து, 2020இல் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்க்கும் திட்டம் வந்தபோது, அவர்களுக்கு விதிக்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். ஈராண்டு செல்லுமுன் அரசாங்கமே கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது. அத்தகைய அரசாங்கம் ஒவ்வொரு பட்டதாரிக்கும் நாற்காலி தரும் என்று எண்ணி வயலை ஈடுவைப்பது, மழையை நம்பாமல் மின்னலை நம்பி விதைப்பதாகும்.

அப்படியாயின் கலைக்கல்வி வீணா? ஒருபோதும் இல்லை. வரலாறும் புவியியலும் அரசியலும் மொழியும் அறியாத சமூகம், தன் காணியுரிமையைக்கூட எடுத்துரைக்க வல்லதாகாது. குற்றம் பாடத்தில் இல்லை. வேறு வழியின்றி அதற்குள் பிள்ளைகளைத் தள்ளுவதில் இருக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத கிராமப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளை கலையைத் தெரிவு செய்வதில்லை. கலைதான் எஞ்சி நிற்கிறது. தாய்மொழியிற் கற்பது நமது உரிமை. ஆனால் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் கைவிட்டுப் பெறும் பட்டம், கொழும்பிலும் ஒலிக்காது, கல்முனைக்கு அப்பாலும் செல்லாது.

ஆகவே நாம் கூறுவது இது. பெற்றோரே, பிள்ளையை அனுப்புங்கள். ஆனால் சோறு போடும் வட்டையை ஈடுவைத்து அனுப்பாதீர்கள். மாணவரே, பட்டத்தோடு இரு மொழியும் கணினியும் கற்றே திரும்புங்கள். அரச நியமனத்துக்காக மட்டும் ஆண்டுக்கணக்கில் காத்திராதீர்கள். நம் ஊர்களில் உயர்ந்து நிற்கும் வைத்தியர்களே, பொறியியலாளர்களே, கணக்காளர்களே, நீங்கள் படித்த பாடசாலைகளில் விஞ்ஞான கூடத்தையும் ஆங்கில வகுப்பையும் நிலைநிறுத்த முன்வாருங்கள்.

அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை. அரச பல்கலைக்கழகத்தில் இடம் பெறாதார் தனியார் நிறுவனங்களிற் பட்டம் பயில 2017இல் வட்டியில்லாக் கடன் திட்டம் வகுக்கப்பட்டது. அதே கரம் ஏழை விவசாயியின் பிள்ளையின் விடுதிக்கும் உணவுக்கும் நீள வேண்டும். அக்கடன், சம்பளம் வந்தபின், சம்பளத்தின் அளவுக்கே அறவிடப்பட வேண்டும். பட்டத்தின் பயன் நாடு முழுவதற்கும் உரியது. அதன் நட்டத்தை மட்டும் ஓர் ஏழை உழவனின் தலையில் ஏற்றுவதை நாம் ஏற்க மாட்டோம்.