சதவீதம் காதுக்குத் தெரியாது

இயர்போன் பற்றி நம்மிடையே உலவும் அறிவுரை ஒன்றுதான்: ஒலியை 60 சதவீதத்துக்கு மேல் வைக்காதீர்கள், 60 நிமிடங்களுக்கு மேல் கேட்காதீர்கள். நினைவில் நிற்கும், ஆனால் அரைகுறையானது. எதில் 60 சதவீதம்? அதே போனில் வேறொரு இயர்போனை மாட்டினால், அதே 60-இல் காதில் விழும் சத்தம் மாறிவிடும். காதைக் கெடுப்பது டெசிபல் அளவும் அந்த அளவில் கேட்ட நேரமும்தான். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த தரம், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்கிறது. சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல். மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகும், கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5. 98 டெசிபலுக்கு ஏறினால் வாரம் முழுவதற்கும் 40 நிமிடம்கூடத் தேறாது. ஆனால் கேட்பவருக்கோ ஒவ்வொரு மூன்று டெசிபலும் சற்றே கூடியதாகத்தான் படும். ஆகவே அளவைச் சொல்லும் பொறுப்பைக் காதிடம் விடாமல் கருவியிடம் ஒப்படைக்கச் சட்டம் வேண்டும்.

வலித்தால் குறைத்துக்கொள்ள மாட்டோமா என்று கேட்பார்கள். வலி வருவது ஏறக்குறைய 120 டெசிபலுக்கு மேல். சேதம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒலியை உணரும் உள்காதின் மயிரணுக்கள் பிறக்கும்போது சுமார் 15,000. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. 2009-இல் ஆய்வாளர்கள் ஷரான் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளில் கண்டது இன்னும் சங்கடமானது: பெருஞ்சத்தத்துக்குப் பிறகு கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது போலிருந்தும், மயிரணுவை நரம்போடு சேர்க்கும் இணைப்புகளில் கணிசமான பகுதி அழிந்திருந்தது. மனிதரில் இது எவ்வளவு நிகழ்கிறது என்ற விவாதம் தொடர்கிறது. ஆனாலும் காலையில் காது சரியாகிவிட்டது என்பதை நற்சான்றிதழாகக் கொள்ள இனி முடியாது.

எவ்வளவு சத்தமாகப் பாட்டு கேட்பது என்பது அவரவர் உரிமை, அரசுக்கு அதில் என்ன வேலை என்பது வலுவான மறுப்பு. ஐரோப்பிய விதி இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. அங்கே கருவிகள் 85 டெசிபலில் எச்சரிக்கும்; பயனர் ஒப்புக்கொண்டால் மேலே போகலாம், உச்சவரம்பு 100. உரிமை பறிபோகவில்லை, விஷயம் தெரிந்து முடிவெடுக்கிறார், அவ்வளவே. இரைச்சல் மிகுந்த நகரப் பேருந்தில், அந்த இரைச்சலை மிஞ்சத்தான் கை தானாக ஒலியைக் கூட்டுகிறது. திரையில் டெசிபல் எண் தெரிந்தால்தான் எவ்வளவு கூட்டினோம் என்பதே புரியும். விலை உயர்ந்த சில போன்களில் இந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. தேவைப்படுவது மலிவு விலை போன்களில்தான். கம்பி இயர்போன் எவ்வளவு சத்தம் தரும் என்று போனுக்கு எப்படித் தெரியும் என்று தயாரிப்பாளர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. புளூடூத் இயர்போனில் அந்தச் சாக்கு செல்லாது. அதன் அளவு தயாரித்தவருக்கே தெரியும். கம்பிக்கு, ஏசியில் நட்சத்திர முத்திரை ஒட்டுவதுபோல டப்பாமேல் உச்ச டெசிபலை அச்சிடச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் முடியாதென்றால், குழந்தைகளுக்கென்று விற்கும் ஹெட்போன்களிலிருந்து தொடங்கட்டும்.