சீமைக் கடைவீதியும் குறிஞ்சிப்பாடிக் கைலியும்

வடலூர் நண்பர் ஒருவர், தம் குமாரர் உத்தியோகம் பார்க்கும் லண்டன் மாநகருக்கு அடுத்த மாதம் பிரயாணமாகிறார். சென்ற வாரம் நாம் அவரைக் கண்டபோது, கையில் ஒரு நீண்ட ஜாபிதாவுடன் கவலையில் ஆழ்ந்திருந்தார். மைத்துனருக்குக் கம்பளிச் சட்டை, சம்பந்தியம்மாளுக்குக் கைப்பை என்று இருபத்தேழு இனங்கள்! எங்கே, எப்படி வாங்குவது என்று நம்மை யோசனை கேட்டார்.

நாம் சொன்ன முதல் விஷயமே அவருக்கு உவப்பாயில்லை. அங்கே பெரும்பாலான சாமான்களின் விலையில் நூற்றுக்கு 20 வீதம் வரி அடங்கியிருக்கிறது. வெளிநாட்டார் ஊர் திரும்புகையில் விமான நிலையத்தில் அதைத் திரும்பப் பெறும் வசதி முன்பு இருந்தது. 2021 ஜனவரியிலிருந்து லண்டனில் அது இல்லை. ரசீதுகளைப் பத்திரப்படுத்திப் பயனில்லை. கடைக்காரரே நேராக நம் நாட்டு விலாசத்துக்கு அனுப்பினால் அவ்வரி நீங்கும். ஆனால் அனுப்பும் கூலியும் நம் சுங்கமும் அந்த லாபத்தை விழுங்கிவிடக் கூடும்.

வாங்காவிட்டாலும் பார்க்க வேண்டிய கடை ஒன்று உண்டு. 1875-ல் ஆர்தர் லிபர்ட்டி என்பவர் கீழ்நாட்டுப் பட்டும் கலைப்பொருளும் விற்பதற்காக ரீஜண்ட் வீதியில் தொடங்கியது அது. 1924-ல் எழுந்த அதன் கட்டிடத்துக்குப் பழைய போர்க்கப்பல்கள் இரண்டின் மரங்கள் உபயோகமாயின. ஒரு கப்பலின் பெயர் 'ஹிந்துஸ்தான்'!

அடுத்து, கட்டணமின்றியே விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலைக்குள் செல்லலாம். நம் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகள் அங்கே பொக்கிஷம்போல் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைக் காணும்போது கடலூர்க்காரருக்கு வேறொரு நினைவும் வர வேண்டும். 1690-ல் ஆங்கிலக் கும்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு சென்று விழுந்த தூரம் வரை அவர்களுக்குச் சொந்தம் என்பது ஏற்பாடு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. அவர்கள் இக்கரையில் முக்கியமாகத் தேடியது ஜவுளி. அந்நாளில் கடைக்கு வந்தவர் அவர், விற்றவர் நாம். இந்தியத் துணியின் மோகத்தால் தங்கள் பிழைப்புப் போயிற்று என்று அந்நாட்டு நெசவாளர் கூக்குரலிட்டனர். 1700-ல் அச்சடித்த இந்தியத் துணியின் இறக்குமதிக்கும், 1721-ல் அதை உடுத்துவதற்குமே பார்லிமெண்ட் தடைச் சட்டம் செய்தது. அந்நியத் துணி பகிஷ்காரத்தில் லண்டன் நமக்கு இருநூறு ஆண்டு மூத்தது!

"அங்கிருந்து இருபத்தேழு, இங்கிருந்து என்ன கொண்டு போகிறீர்கள்?" என்று கேட்டோம். அப்பளமும் மாவடுவும் என்றார். வடலூரிலிருந்து கடலூர் செல்லும் பாதையிலேயே குறிஞ்சிப்பாடி இருக்கிறது. கைத்தறிக் கைலிக்குப் பெயர் பெற்ற ஊர். லண்டன் கடையில் சீட்டில் எழுதிய விலையை வாய் திறவாமல் கொடுக்கும் நம்மவர், இங்கே நெசவாளியிடம் பத்து ரூபாய்க்கு அரைமணி வாதாடுவர். அந்தப் பத்து ரூபாய் அவர் வீட்டில் எவ்வளவு பெரிது என்பதை எண்ணுவதில்லை. தறியை விட்டு வேறு வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் குறை கூறுவோரும் இவர்களேதாம்.

நேற்று நண்பர் மீண்டும் வந்தார். கக்கத்தில் ஆறு கைலிகள். பேரமே பேசவில்லையாம். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: "அந்தக் குளிரில் இதைக் கட்ட முடியுமா?"

"வீட்டுக்குள் கணப்பு உண்டு, ஐயா" என்றோம்.